பேர் சொன்னால் மோட்டார் ஓடும் வீடு

தன் புருஷனின் பேரைச் சௌந்திரம் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்ன அன்று அவர் ஒரு விரற்கடை குட்டையாகிப்போனார். அது சித்திரை மாசத்துப் பகல். மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே இருக்கும் அவர்கள் தோட்டத்தில் அந்த வாரம் கிணறு வற்றியிருந்தது, ஆழ்குழாய்ப் போரில் மட்டும் தண்ணீர் இருந்தது. முட்டை விலை இறங்கித் தீவன விலை ஏறியிருந்தது. இதையெல்லாம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மருதாசலம் குட்டையானதையும் அதே மூச்சில்தான் சொல்வார்கள். வாதம் வந்து படுத்த மனுசர் கொஞ்சம் குறுகத்தானே செய்வார் என்று முதலில் நினைத்தார்கள். பொண்டாட்டி அவர் பேரைச் சொன்னதால்தான் குறுகினார் என்று தெரிந்த பிறகும் யாரும் பெரிதாக ஆச்சரியப்பட்டதாகச் சொல்ல முடியாது. கட்டினவனின் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்த ஊர் அது. ஆயுசு எந்தப் பக்கத்திலிருந்து குறையும் என்பதுதான் அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்தது.

அவள் வாயைத் திறக்க வைத்தது ஒரு ஸ்பீக்கர். மருமகன் சந்தோஷ்குமாருக்குப் பள்ளிபாளையத்தில் கடை. வீட்டு லைட்டு, ஃபேன், தறிப்பட்டறை மோட்டார் என்று எல்லாவற்றையும் வாயால் சொன்னால் ஓடும்படி பூட்டிக்கொடுப்பது அவர் தொழில். மாமனாருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. த்ரீ பேஸ் கரண்ட் நினைத்த நேரத்துக்கு வரும், நினைத்த நேரத்துக்குப் போகும். அது வந்ததா என்று பார்க்க மோட்டார் ரூமுக்கும் கட்டிலுக்குமாக அவர் நொண்டி நொண்டி நடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், ஒரு பொங்கலுக்கு வந்தபோது மருமகன் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். தேங்காய்த்தொட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். கூப்பிட்டால் அதன் விளிம்பில் நீல வெளிச்சம் வரும். அதற்கு ஒரு பேர் வைக்க வேண்டும், அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் காது கொடுக்கும் என்றார். அதோடு வந்த பேர்களெல்லாம் சீமைப் பொம்பளைகளின் பேர்கள். மருதாசலம் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "கட்டுனவ ஊட்டுக்குள்ள இருக்கறப்ப இன்னொரு பொம்பளை பேரைச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டுக் கெடக்கச் சொல்றீங்களா மாப்ள? வண்டித்தடத்துல போறவன் என்ன நெனைப்பான்?" சாமி பேரை வைக்கலாமா என்றதற்கு, சாமியை லைட்டுப் போடச் சொல்லி ஏவுவதா என்று அதற்கும் ஒப்பவில்லை. மகள் பேரை வைத்தால் அவள் வரும்போதெல்லாம் குழப்பம். கடைசியில் தன் பேரையே வைக்கச் சொன்னார். தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்வதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்று நினைத்தார் பாவம். ஒழுக்கத்துக்குப் பயந்து செய்த காரியம் அது. அந்த யோசனையில் பொண்டாட்டியை அவர் சேர்க்கவே இல்லை.

திருட்டுப் பயத்துக்காக வீட்டுக்காரர்கள் இருவர் குரலுக்கு மட்டும் கட்டுப்படும்படி மருமகன் அதைப் பழக்கினார். போனில் காட்டிய வாக்கியங்களைச் சௌந்திரம் இஸ்கூல் பிள்ளை மாதிரி நின்றுகொண்டு படித்தாள். பேர் வந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டாள். மருமகன் சிரித்துக்கொண்டே அதைத் தாண்டிப் போனார். பிறகு மருதாசலம் ஒரு காரியம் செய்தார். இனி எதற்கு இந்தக் கருமாந்தரம் என்று வீட்டிலும் கோழிச் செட்டிலும் இருந்த சுவிட்சுப் பலகைகளை எல்லாம் பிடுங்கி, ஓட்டையை அடைத்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். ஒரு காரியத்தில் இறங்கினால் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை அவர்.

அவர் அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவர் பேரை யாரும் சொன்னது கிடையாது. ஊருக்குப் பெரியவர், மகளுக்கு அப்பா, மருமகனுக்கு மாமா, பொண்டாட்டிக்கு ஏனுங்க. இப்போது கட்டிலில் படுத்தபடியே, "மருதாசலம், மோட்டாரைப் போடு" என்பார். அரைக் கல் தொலைவில் போர் மோட்டார் இரையும். "மருதாசலம், இன்னைக்கு முட்டை என்ன விலை" என்பார்; பெட்டி பதவிசாகச் சொல்லும். மாத்திரை நேரம், கோழிக்கு ஊசி போடும் நாள், மழை வருமா வராதா, எல்லாம் அதுவே சொல்லிற்று. உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு வருசமும் அவர் சின்னப் பையனாட்டம் இருந்தார். வேலையே இல்லாமல்கூடப் பேரைச் சொல்லிப் பார்ப்பார். சௌந்திரத்துக்குத்தான் பாடு. அடுப்படியில் இருட்டிவிட்டால் லைட்டுப் போட அவள் புருஷனைத் தேடிப்போக வேண்டும். அவர் வெளியே போயிருந்தால் தடவிக்கொண்டுதான் சோறாக்க வேண்டும். ஒருநாள் யாரும் இல்லாதபோது பெட்டியின் முன்னால் நின்று, ஏனுங்க, கொஞ்சம் லைட்டைப் போடுங்க என்று கேட்டுப் பார்த்தாள். அது சட்டை பண்ணவில்லை. தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிய மருதாசலம்தான் என்னடி என்றார்.

இரண்டு வருசம் கழிந்து பங்குனியில் அவருக்கு வாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின; வாயும் போயிற்று. திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் வந்து கட்டிலில் கிடந்தபோது வீட்டில் ஃபேன் ஓடவில்லை, தண்ணீர் இல்லை, விளக்கு இல்லை. பண்ணையில் வேலை செய்யும் அத்தாயி பெட்டியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள். மகள் யுவஸ்ரீ கத்தினாள். மருமகன் நயமாகச் சொல்லிப் பார்த்தார். உங்கள் குரலை அடையாளம் காண முடியவில்லை என்று அது எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னது. செட்டில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கின. கூரைக்கடியில் புகைபோலத் தண்ணீர் தூவும் குழாய் ஓடினால்தான் சித்திரையில் கோழி பிழைக்கும். அத்தாயி குடத்தில் கொண்டுவந்து தெளித்தது ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. கூண்டுக்குக் கூண்டு தலை தொங்க ஆரம்பித்தது. "பேருதானம்மா, சொல்லித் தொலையேன்" என்றாள் யுவஸ்ரீ. அவள் தன் புருஷனைக் கல்யாணமான அன்றிலிருந்து பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். சந்தோஷ்குமார் வருசா வருசம் பருத்துக்கொண்டுதான் வருகிறார். அந்தத் தைரியம் அவளுக்கு. சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஊசி விழுகிற சத்தத்தில் சொன்னாள். பெட்டியில் நீல வெளிச்சம் வந்தது. செட்டில் தண்ணீர் தூவியது.

அந்தக் கோடை முழுக்க அவள் சொன்னாள். முதலில் கூசியது, பிறகு பழகிவிட்டது. கோழிக்குச் சொன்னாள், தென்னைக்குச் சொன்னாள், அவர் தலைக்கு மேல் ஓடும் ஃபேனுக்குச் சொன்னாள். அவர் கால் கட்டிலின் கடைசிச் சட்டத்துக்கு எட்டாமல் போனதை, மேலே ஏறிப் படுத்துவிட்டார் என்று நினைத்து ஒவ்வொரு காலையும் கீழே இழுத்துவிட்டாள். ஆடி மாசம் அவர் சட்டைக் கை விரலை மூடியது. துவைத்துத் துவைத்துத் துணி தொங்கிவிட்டது என்று நினைத்தாள். தீபாவளிக்குள் அவர் பேத்தி உயரத்துக்கு வந்துவிட்டார். மனசு அப்போதும் நம்பவில்லை. ஒரு சாயங்காலம் அவர் இடக்கையைப் பிடித்துக்கொண்டு சோறு ஊட்டும்போது, பாதியில் லைட்டுப் போடப் பேரைச் சொன்னாள். அவள் உள்ளங்கைக்குள் அவர் விரல்கள் மெல்ல உள்ளே போயின. வட்டில் கீழே விழுந்து உருண்டது. தான் இத்தனை மாசமாக அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்ததாக அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு அவள் அழுத அழுகையை வண்டித்தடத்தில் போனவர்கள் நின்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு செய்யாத வைத்தியம் இல்லை, எல்லாம் பெட்டிக்குத்தான். எலக்ட்ரீஷியன் கந்தன் வந்து சுவரைக் கொத்திப் பழைய இடத்திலேயே சுவிட்சுகளைப் பூட்டினார். தட்டினால் டக்கென்று சத்தம் வந்தது, கரண்ட் வரவில்லை. டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கம்பி வரைக்கும் வந்து நிக்குதுங்கம்மா, பேரைக் கேக்காம உள்ள வர மாட்டேங்குது" என்று சொல்லிக் கூலி வாங்காமல் போனார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வயர் இழுத்தார்கள். வாசற்படி வரை வந்த கரண்ட் படியைத் தாண்டவில்லை. போட்டதை அணைக்காமல் விட்டாலும், கரண்ட் ஒருதரம் போய்வந்தால் திரும்பப் பேரைக் கேட்டது. பெட்டியைப் பிடுங்கிக் குப்பைக் குழியில் போட்டார்கள். வீட்டுக்குள் இருந்த மாவு மில்லு, அத்தாயியின் போன் சார்ஜர் வரை எல்லாம் செத்துவிட்டன. திரும்ப எடுத்துத் துடைத்து வைத்தார்கள். கம்பெனி நம்பருக்குப் போட்டால் அங்கே பேசியதும் ஒரு பெட்டிதான். உங்கள் சாதனத்தின் பேரைச் சொல்லுங்கள் என்று அது கேட்டது. சௌந்திரம் போனைக் கீழே வைத்துவிட்டாள். அப்பாவைப் பள்ளிபாளையத்துக்கே கூட்டிப்போய்விடுகிறேன் என்று யுவஸ்ரீ காரைக் கொண்டுவந்தாள். மகள் வீட்டில் உயிரை விடக் கூடாது என்பது அவர் வைராக்கியம். இடக்கையால் வாசல் நிலையைப் பிடித்தவர் விடவில்லை. நகம் பெயர்ந்து ரத்தம் வந்த பிறகு அவளே விட்டுவிட்டாள்.

மிச்சம் இருந்தது பேரை மாற்றுவது ஒன்றுதான். மருமகன் போனில் என்னென்னவோ செய்து கடைசிப் படி வரை கொண்டுவந்துவிட்டார். உரிமையாளர் தன் குரலில் ஆம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றது பெட்டி. கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். "மாமா, ஒரே ஒரு வார்த்தைதானுங்க, ஆமான்னு மட்டும் சொல்லுங்க" என்று மருமகன் கெஞ்சினார். மருதாசலம் கழுத்து நரம்பு புடைக்க முக்கினார். ம் என்று ஒரு சத்தம் வந்தது. மன்னிக்கவும், புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள் என்றது பெட்டி. அவர் மீண்டும் சொன்னார். மன்னிக்கவும் என்றது. எச்சில் வழிய, கண்ணீர் வழிய, இடக்கையால் கட்டில் சட்டத்தை அடித்து அடித்து அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அது ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. அந்தப் பொறுமையைப் போல ஒரு கொடுமையைச் சௌந்திரம் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு வருசம் அந்தக் குரலுக்கு ஓடி ஓடி வேலை செய்த பெட்டி அது! போதுமுங்க மாப்ள, எடுத்துக்கிட்டுப் போங்க என்று அவள்தான் நிறுத்தினாள். மருமகன் மனசு நொந்து வாசலில் போய் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

கோழிகளை வியாபாரிக்கு ஏற்றிவிட்டாள். செட்டு சும்மா கிடந்தது. தென்னைகள் ஒன்றன்பின் ஒன்றாக மட்டை தொங்கின. அவற்றைப் பார்க்காமல் நடக்கக் கற்றுக்கொண்டாள். அத்தாயி பக்கத்துத் தோட்டத்திலிருந்து தலைக்குத் தண்ணீர் சுமந்தாள். பொழுது சாய்ந்தால் மண்ணெண்ணெய் விளக்கு. வாய் தவறிவிடுமோ என்ற பயத்தில் சௌந்திரம் பேச்சையே குறைத்துக்கொண்டாள். தூக்கத்தில் உளறிவிடக் கூடாது என்று வாயில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்தாள். அப்படியும் தப்பவில்லை. ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் கண்டு ஜன்னி வந்தது, ஆம்புலன்சைக் கூப்பிட அவள் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக்கிடந்தது, அதற்குக் கரண்ட் ஏற்றப் பேரைச் சொன்னாள். ஒருமுறை கூரையில் பாம்பு. ஒருமுறை லீவுக்கு வந்த பேத்தி இருட்டில் படியில் விழுந்து நெற்றி பிளந்துகொண்டாள். இப்படி இன்னும் எத்தனையோ. முதல் கோடையில் நூல் நூலாகக் குறைந்தவர், இப்போது சொன்ன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு விரற்கடை குறைந்தார். கட்டில் பெரிசாகிவிட்டதால் தூளி கட்டினாள். ஊரார் வந்து பார்த்தார்கள், ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள். வாதத்துக்குப் புறா ரத்தம் தடவச் சொன்னார்கள் சிலர். ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம், இருதயம் நன்றாக இருக்கிறது, உடம்புக்கு ஏற்ற எடைதான் என்றார்கள். அந்த வருசம் மல்லசமுத்திரத்துப் பக்கம் ஸ்பீக்கர் வாங்கிய ஆம்பளைகள் அத்தனை பேரும் யோசிக்காமல் சீமைப் பொம்பளைப் பேரையே வைத்துக்கொண்டார்கள். எந்தப் பொண்டாட்டியும் கோபித்துக்கொள்ளவில்லை.

இதில் சௌந்திரத்துக்கு விளங்காத ஒன்று இருந்தது. அவர் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தார். தூளிக்குள்ளிருந்து இடக்கையை நீட்டுவார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். பிறகு அவள் வாயைக் காட்டுவார். தண்ணீர் கொடுத்தால் துப்பிவிடுவார். சோறு கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நெஞ்சு வலியா என்று தைலம் தேய்த்தால் கையைத் தட்டிவிடுவார். ஒருநாள் அவளுக்குச் சட்டென்று புரிந்தது. அந்த முதல் கோடையில் அவள் ஒவ்வொரு தடவை பேரைச் சொன்னபோதும் அவர் முகம் அவள் பக்கம் திரும்பியிருக்கிறது. ஃபேனுக்கோ லைட்டுக்கோ திரும்பவில்லை, அவளைத்தான் பார்த்திருக்கிறார். அவள் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதைக் கவனிக்கவில்லை. பெட்டிக்குத் தன் பேரை வைத்துக்கொண்டு வேலையில்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்த மனுசர் எதற்கு ஏங்கிக் கிடந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் ஆத்திரம்தான் வந்தது. "இத்தனை நாள் வாய் இருந்தப்பக் கேட்டிருக்கலாமில்லீங்க? இப்பச் சொன்னா நீங்க இருக்க மாட்டீங்க. சாகறதுக்கா கேக்கறீங்க? நான் எதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கறது?" என்று தூளியை உலுக்கினாள். அவர் தன் நெஞ்சைத் தொட்டார், அவள் வாயைக் காட்டினார். அவள் எழுந்துபோய்ச் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். பிறகு ரொம்ப நாள் அவர் கேட்கவில்லை. கேட்காமல் கிடந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவர் படுத்த மூன்றாம் வருசத்துக் கத்திரி வெயில் மாதிரி அந்தச் சீமை கண்டதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லா வருசமும்தான் சொல்கிறார்கள். சேலத்து ரோட்டில் தார் இளகி லாரி டயரில் ஒட்டியது. மருதாசலம் அப்போது ஒரு முழம் இருந்தார். துண்டை நனைத்து விரித்து அதன்மேல் படுக்கவைத்து, சௌந்திரம் விசிறிக்கொண்டே இருந்தாள். அத்தாயி விசிறினாள், திரும்ப இவள் விசிறினாள். துண்டு நனைத்த சுருக்கில் காய்ந்தது. அவர் மூச்சு அந்தப் பழைய கோழிகளின் மூச்சுப் போல வாய்வழியாகப் போய்வந்தது. ஃபேன் தலைக்கு மேல் சும்மா தொங்கியது. போட்டால் ஒரு விரற்கடை போகும். போடாவிட்டால் மூச்சு போகும். அத்தாயி பார்க்கச் சகிக்காமல், "அக்கா, ஏதாச்சும் ஒண்ணு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அவர் கண்ணைத் திறந்தார். கையைத் தூக்க முடியவில்லை. நெஞ்சின் மேல் கிடந்த விரலை மட்டும் ஒருதரம் அசைத்துக் காட்டிவிட்டு, அவள் வாயைப் பார்த்தார்.

சௌந்திரம் விசிறியைக் கீழே வைத்தாள். அவரைத் துண்டோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாயைப் பொத்தாமல், சுவரைப் பார்க்காமல், அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து மருதாசலம் என்றாள். சொல்லுங்கள், என்ன செய்ய வேண்டும் என்றது பெட்டி. மருதாசலம் என்றாள் திரும்ப. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. வாதம் வந்த பிறகு கோணலாகவே இருந்த வாய் அப்போது நேராக இருந்தது. கட்டின நாளிலிருந்து சொல்லாமல் அடக்கிவைத்த பேரையெல்லாம் அவள் சொன்னாள். கோபத்தில் கூப்பிட வேண்டியதை, விளையாட்டாகக் கூப்பிட வேண்டியதை, பிரசவத்தில் வலி தாளாமல் கத்தியிருக்க வேண்டியதை, எல்லாவற்றையும் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் பெட்டி, சொல்லுங்கள் என்றது. ஃபேனைப் போடச் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. அவர் கைக்குள் அடங்கினார், பிறகு உள்ளங்கைக்குள், பிறகு துண்டின் ஒரு மடிப்புக்குள். கடைசியாகச் சொன்னபோது மடிப்பில் கொஞ்சம் ஈரம் மட்டும் இருந்தது. மன்னிக்கவும், புரியவில்லை என்றது பெட்டி.

மறுநாள் துண்டைத்தான் எடுத்தார்கள். பூ வைத்து, பறை அடித்து, முறைப்படி எல்லாம் செய்து, தோட்டத்து மேட்டில் புதைத்தார்கள். துண்டைப் புதைப்பது சரியா என்று கேட்ட ஒன்றிரண்டு பேரையும் மற்றவர்கள் அதட்டி அடக்கினார்கள். வீடு நிறைய உறவுக்காரர்கள். பொழுது சாய்ந்ததும் இருட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். யுவஸ்ரீ தயங்கித் தயங்கி அம்மாவின் தோளைத் தொட்டாள். சௌந்திரம் மூலையில் உட்கார்ந்தபடி பேரைச் சொன்னாள். வீடு முழுக்க வெளிச்சம் வந்தது. ஒவ்வொருவரும் ஒருமுறை தங்கள் கைகால்களைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அவள் இன்றைக்கும் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறாள். கோழி மறுபடி விட்டிருக்கிறாள்; பட்டுப்போன தென்னைகளைத் தோண்டிவிட்டுக் கன்று வைத்திருக்கிறாள். பேரை மாற்றித் தருகிறேன் என்று மருமகன் ஒருமுறை கேட்டார், வேண்டாம் என்றுவிட்டாள். விடிந்ததும் பேரைச் சொல்கிறாள், மோட்டார் ஓடுகிறது. முட்டை விலை கேட்கிறாள், பெட்டி சொல்கிறது. வெயில் ஏறினால் செட்டில் தண்ணீர் தூவுகிறது. சில நாள் வேலை ஒன்றும் இல்லாமலும் கூப்பிடுகிறாள். கூப்பிட்டுவிட்டுத் தூளி கட்டியிருந்த விட்டத்தைப் பார்க்கிறாள். எத்தனை தடவை சொன்னாலும் இப்போது எதுவும் குறைவதில்லை.